உடைத்துப் பார்க்க முடியாத சரக்கு

டக்... டக்... டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக்.

பல்லி என்றுதான் நினைத்தேன். பல்லி எந்தப் பக்கம் சொன்னாலும் அம்மா அதற்கு ஒரு பலன் வைத்திருப்பார். அன்றைக்கும் சேலை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வடக்குச் செவத்துல சொல்லுது. பணங்காசு வரும்" என்றார். வடக்குச் சுவரோரம்தான் என் மேசை. சத்தம் வந்தது மேசையில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. அம்மா சொன்ன பலன் தலைகீழாகப் பலித்தது.

எங்கள் ஊரான தேவாரத்தில் ஆடிக் காற்று லேசில் விடாது. மலையிலிருந்து இறங்கி, தென்னை மட்டையைப் பிய்த்து மின்கம்பியில் போட்டுவிட்டுப் போகும். அன்று சாயங்காலம் மட்டும் மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. டிஸ்க் வாங்கி 22 மாதம் ஆகியிருந்தது. 2 டெராபைட், 5,400 ரூபாய், 3 ஆண்டு கம்பெனி வாரண்டி.

காலையில் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். ஒயரை மாட்டினான். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்கிற மாதிரி டிஸ்க்கைக் காதருகே வைத்தான். அடுத்த நொடி ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

"ஹெட் அடிக்குதுண்ணே. இனிமே கரண்ட் குடுக்காதீங்க. குடுக்கக் குடுக்கத் தட்டைத் தேய்ச்சுரும்."

"சரி பண்ண முடியாதா தம்பி?"

"வாரண்டி இருக்குல்ல, அனுப்புங்க. வேற குடுப்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "உள்ள இருக்குறது வேணுமா?"

வேறு டிஸ்க் வேண்டுமா, இந்த டிஸ்க்கில் இருப்பது வேண்டுமா. அடுத்த ஒன்றரை மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது.

ஹார்ட் டிஸ்க்குக்குத் தமிழில் 'வன்தட்டு' என்று பெயர் வைத்திருக்கிறோம். பாடப்புத்தகத்தைத் தாண்டி அந்தச் சொல் கடைத்தெருவுக்கு வரவில்லை, வராததும் நல்லதுதான். அதைவிட மென்மையான சாமானை நம் வீடுகளில் பார்ப்பது கடினம். உள்ளே கண்ணாடி போல மினுங்கும் வட்டத் தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 சுற்று, சிலவற்றில் 7,200 சுற்று சுழல்கின்றன. எழுதிப் படிக்கிற முனை, அதாவது ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது, எண்பது ஆயிரம் நானோமீட்டர் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசி விழுந்தாலே போதும். முனை தடம் தெரியாமல் தடுமாறி, திரும்பத் திரும்ப ஓரத்துக்கு ஓடி வந்து முட்டுகிற சத்தம்தான் நான் பல்லி என்று நினைத்த டக் டக்.

முனையைத் தாங்குவது காற்று. அதனால்தான் இந்தப் பெட்டிகளுக்கு உயர வரம்பு உண்டு. சாதாரண டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி வரை என்று போட்டிருப்பார்கள். மேலே மலையில் எஸ்டேட் ஆபீஸில் வைத்தால் கெட்டுப்போகுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். போடிமெட்டுக்கும் உடும்பஞ்சோலைக்கும் கவலையே வேண்டாம். பாக்கெட் அளவு டிஸ்க்கைப் புரட்டிப் பார்த்தால் கண்ணில் படாமல் போகலாம், ஆனால் மேசைக் கணினியில் மாட்டுகிற பெரிய டிஸ்க்கின் மேல்மூடியில் ஊசி முனை அளவு ஒரு துளையும், பக்கத்தில் 'இந்தத் துளையை மூடாதே' என்ற எச்சரிக்கையும் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தோடு உள்ளே இருப்பதைச் சமன்படுத்த வைத்த மூக்கு அது. அதன் பின்னால் வடிகட்டி உண்டு. ஹீலியம் நிரப்பி மூடிய பெரிய டிஸ்க்குகளுக்கு மட்டும் அந்த மூக்கு கிடையாது.

திறந்து பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. திறந்தால் வாரண்டி அந்த நிமிஷமே காலி.

இது எங்கள் பக்கத்துக் குணத்துக்கே ஒட்டாத ஏற்பாடு. போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாம்பிள் பையில் கைவிட்டு நாலு காயை எடுப்பார்கள். பச்சை நிறம் எப்படி என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நகத்தால் தோலைப் பிளந்து உள்ளே அரி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, மூக்கில் வைத்து, வாயில் ஒன்று போட்டுக்கொள்வார்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, நழுவுகிற காய்க்கு வேறு விலை. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் வியாபாரி கம்ப்யூட்டர் பொத்தானைத்தான் அமுக்குகிறார் என்றாலும், பொத்தானுக்கு முன்னால் சாம்பிள் வந்தாக வேண்டும். உடைத்துப் பார்க்காமல் யாரும் ஒரு கிலோ எடுப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கக் கூடாத ஒரு சரக்கை 5,400 ரூபாய் கொடுத்து வாங்கி, அதை நம்பி ஊரின் பாதிக் கதையை அதற்குள் போட்டு வைத்திருந்தேன்.

பாதிக் கதை என்றால் பெருமை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தந்தமில்லாத ஒற்றை மக்னா யானை எங்கள் மலையடித் தோட்டங்களில் புகுந்து, ஆட்களையும் அடித்து, கும்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய காலத்தில் எடுத்த படங்கள். சாக்குலூத்து மெட்டுச் சாலை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருபவர்களின் பேட்டிகள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கேரள எல்லை கண்ணுக்குத் தெரியும், ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டோ கம்பம்மெட்டோ சுற்றித்தான் போக வேண்டும். தேவாரம் என்ற பெயரை வெளியூர்ப் பத்திரிகைகளில் ஏற்றிய பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வக விவகாரத்தின் குறிப்புகளும் அதில்தான். மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவி வைக்கப்போகிறோம், 1,500 கோடி ரூபாய் என்று 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம். அது வரவில்லை. குறிப்புகள் மட்டும் என்னிடம் இருந்தன. இதெல்லாம் போக, யானை மிதித்த தோட்டங்களுக்கு இழப்பீட்டு மனு எழுதித் தரச் சொல்லி விவசாயிகள் கொடுத்த பட்டா நகல்கள், ஆதார் நகல்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள்.

டேட்டா மீட்டுத் தரும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். தூசி நுழையாத அறையில் திறந்து, அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி அதன் முனையை எடுத்து இதில் பொருத்தி, தட்டைப் படிக்க வேண்டும் என்றார்கள். 32,000 ரூபாய் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, திறந்த பிறகு கம்பெனி வாரண்டி கிடைக்காது. சில தயாரிப்பாளர்கள் தாங்களே அங்கீகரித்த மீட்பு நிறுவனம் திறந்து கடிதம் கொடுத்தால் வாரண்டியை ஏற்பதுண்டு. என் காசுக்கு எட்டிய கூடம் அந்தப் பட்டியலில் இல்லை.

வாரண்டி அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பாருங்கள். எந்தக் கம்பெனியானாலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: உள்ளே இருக்கும் தகவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல. சரியாகச் சொன்னால் அவர்கள் விற்பது ஒரு பானையை. பானை ஓட்டையானால் வேறு பானை தருவார்கள். அதில் இருந்த நெய் நம் பாடு. இதில் தப்புச் சொல்லவும் முடியவில்லை. 5,400 ரூபாய்ப் பெட்டிக்குள் யார் எதை வைப்பார்கள் என்று விற்பவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வந்தது அடுத்த வரியில். பழுதான டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் மாற்று. கெட்டுப்போன டிஸ்க்கை அழிக்கவும் முடியாது, ஆணி அடித்து உடைக்கவும் கூடாது. அதாவது ஊராரின் ஆதார் நகலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பெரிய அலுவலகங்கள் கூடுதலாகப் பணம் கட்டி, பழைய டிஸ்க்கைத் திருப்பித் தராமலே புதியது வாங்கும் திட்டம் வைத்திருக்கின்றன. டெல் போன்ற நிறுவனங்கள் அதைத் தனிச் சேவையாகவே விற்கின்றன. தேவாரத்தில் ஒற்றை டிஸ்க் வாங்குகிறவனுக்கு அதெல்லாம் கிடையாது.

பத்து நாள் யோசித்தேன். 32,000 இல்லை. அனுப்புவது என்று முடிவு செய்தேன். பட்டா கொடுத்தவர்களில் நாலைந்து பேரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெரியவர் சிரித்தார். "அந்த நகலை நான் இதுவரைக்கும் எத்தனை ஆபீஸ்ல குடுத்திருக்கேன்னு எனக்கே கணக்கில்ல தம்பி. இது ஒண்ணுலயா போயிரப்போகுது." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பில் எங்கே?

பீரோவில், ரேஷன் கார்டுக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. எடுத்து விரித்தால் வெள்ளைத் தாள். சூடு பட்டால் கறுக்கிற தெர்மல் தாளில் அச்சடித்த பில், நம் ஊர் வெயிலுக்கு ஒன்றரை வருஷத்தில் எல்லாம் வெளுத்துப்போய், ஓரத்தில் கடைப் பெயரின் ஒரு எழுத்து மட்டும் பேய் மாதிரி தெரிந்தது. நல்ல வேளையாக அது எஸ்டிமேட் சீட்டாக இல்லாமல் ஜிஎஸ்டி பில்லாக இருந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடி மறுபடி அடித்துக் கொடுத்தார். வாங்கும்போது "பில் வேணுமா அண்ணே, இல்லாம போடட்டுமா? கொஞ்சம் குறையும்" என்று கேட்டவரும் அவர்தான். அன்று நானூறு, ஐநூறுக்கு ஆசைப்பட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பில் கொடுக்காமல் இருப்பதே இப்போது சட்டப்படி தப்பு. 1986-ன் பழைய நுகர்வோர் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தராததை முறையற்ற வணிக நடவடிக்கைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதே பட்டியலில் அடுத்த வரி: பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலமே சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லின் அடியில் ரப்பர் ஸ்டாம்ப் அடிக்கிற பழக்கம் போடியிலும் தேனியிலும் இன்னும் போகவில்லை. பழுதான சரக்கு விஷயத்தில் அந்த ஸ்டாம்ப் மைக்குப் பிடித்த கேடு.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். எல்லாக் கடையிலும் கேட்கிற வசனம்தான்: "இது கம்பெனி வாரண்டி. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." முப்பது நாள் தாண்டிய பிறகு நடைமுறையில் அது ஓரளவு உண்மை. நேராகத் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

கம்பெனி இணையதளத்தில் டிஸ்க்கின் முதுகில் உள்ள சீரியல் நம்பரைத் தட்டினேன். 'வாரண்டி முடிந்தது' என்று சிவப்பில் வந்தது. ஒரு நிமிஷம் இருட்டிக்கொண்டு வந்தது. விஷயம் இதுதான்: பில் விவரம் இல்லாதபோது அவர்கள் டிஸ்க் ஆலையிலிருந்து கிளம்பிய தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அது கப்பலிலும் மொத்த வியாபாரி கிடங்கிலும் கடை அலமாரியிலும் தூங்கிய மாதங்களை எல்லாம் நம் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பில்லைப் படமெடுத்து ஏற்றிய இரண்டாம் நாள் தேதி மாறியது. பில் இல்லாதவர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த உடனே டிஸ்க்கைக் குப்பையில் போட்டிருப்பார்.

இதைவிட மோசமாக மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் போன டிஸ்க்குகள் சில்லறைச் சந்தைக்குள் கசிந்து மலிவு விலைக்கு வரும். வேறு நாட்டுக்கென்று போனவை சூட்கேஸில் வந்து இறங்கும். பார்க்க ஒன்றுதான், ஓடுவதும் ஒன்றுதான். கெட்டபிறகு சீரியல் நம்பரைத் தட்டினால் 'இதை விற்றவரிடம் போ' என்றோ 'இந்த நாட்டுக்கு வாரண்டி இல்லை' என்றோ வரும். வாங்குகிற அன்றே, கடையில் நின்றுகொண்டே, செல்போனில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்க்கலாம். ஏலக்காயை நகத்தால் பிளக்கிற மாதிரி. திறக்க முடியாத இந்தச் சரக்கில் நாம் உடைத்துப் பார்க்க முடிந்த ஒரே காய் அந்த நம்பர்தான்.

வாரண்டி எத்தனை வருஷம் என்பதும் எங்கோ வானத்தில் எழுதி வைத்ததல்ல. ஐபிஎம் 1956-ல் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டபோது அது இரண்டு பீரோ அகலம், 50 தட்டு, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. அதிலிருந்து பாக்கெட்டுக்குள் வரும்வரை நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் வந்து போயின. 2011-ல் சாம்சங்கின் டிஸ்க் தொழிலை சீகேட் வாங்கியது, 2012-ல் ஹிட்டாச்சியின் தொழிலை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. தோஷிபாவையும் சேர்த்து இன்று உலகத்துக்கே மூன்று பேர்தான். நடுவில் 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். அயுத்தயா பக்கத்து வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது, உலகம் முழுக்க விலை இரட்டிப்பானது. அந்த டிசம்பரிலேயே சீகேட் தன் சாதாரண டிஸ்க்குகள் சிலவற்றுக்கு வாரண்டியை ஒரே ஆண்டாகவும், வெஸ்டர்ன் டிஜிட்டல் சிலவற்றுக்கு 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகவும் வெட்டின. வெள்ளத்துக்கும் இந்த வெட்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்பவர்கள் போடாமல் இருக்கலாம். மூன்று கடை மட்டும் இருக்கிற சந்தையில், சரக்குத் தட்டுப்பாடு இருக்கிற வருஷத்தில், விற்பவர் வாக்குறுதியைச் சுருக்குவார் என்பதைப் புரிந்துகொள்ள ஏலக்காய் வியாபாரிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து பேக்கிங். விதிகளைப் படித்தால் பெண்ணுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி இருக்கிறது. நிலைமின்சாரம் தாக்காத உறை, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு, கெட்டியான அட்டைப்பெட்டி, செய்தித்தாள் சுருட்டி அடைக்கக் கூடாது. ஆட்டம் கொடுத்தால் 'வாடிக்கையாளர் சேதம்' என்று திருப்பிவிடுவார்கள். உறைக்கு எங்கே போவது? எதிர்வீட்டு அண்ணன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். "கறுப்புக் கவர்தானே? வண்டி வண்டியா இருக்கு" என்று ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். உலர்த்திய காயின் பச்சை வெளுக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்க, சாக்குக்குள் போடுகிற கறுப்பு பாலிதீன். தொட்டால் வழவழவென்று அருமையாக இருந்தது. சர்வீஸ் தம்பி பார்த்ததும் அலறினான். "அண்ணே, அதைத் தேய்ச்சா கைமுடி எந்திரிச்சு நிக்கும். அதுல போட்டா இருக்கிற போர்டும் போயிரும்." கையைக் கவரில் தேய்த்துக் காட்டினான், முடி நிஜமாகவே நின்றது. அவன் கடை டிராயரிலிருந்து சாம்பல் நிறத்தில் மினுங்கும் ஒரு பழைய உறையை எடுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

கூரியரில் அனுப்பினால் போய்ச் சேரும்வரை பொறுப்பு நம்முடையது. நேரில் கொடுக்கலாம் என்றால் மதுரை. தேவாரத்திலிருந்து போடி வழியாகத் தேனி, தேனியில் வண்டி மாறி உசிலம்பட்டி தாண்டி ஆரப்பாளையம். மடியில் பெட்டி. வேகத்தடை வரும்போதெல்லாம் தொட்டில் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா, "உள்ள என்ன, முட்டையா?" என்று கேட்டார்.

சேகரிப்பு மையம் ஒரு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில். ஆறு நாற்காலி, ஒரு மின்விசிறி, டோக்கன். சுவரில் பெரிய எழுத்தில் 'டேட்டாவுக்குப் பொறுப்பல்ல'. எனக்கு முன்னால் சிசிடிவி மாட்டித் தருகிற ஒருவர், பையில் நாலு டிஸ்க். மலையில் ஏலக்காய் ஸ்டோர்களுக்கு வேலை செய்கிறவர். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதே, அதற்குப் பிறகு கேமரா இல்லாத ஸ்டோரே இல்லை என்றார். காய் திருட்டுப் பயம். ஆனால் முதலாளிகள் காசு மிச்சம் பிடிக்க, மேசைக் கணினிக்கான சாதா டிஸ்க்கை ரெக்கார்டரில் போடச் சொல்கிறார்கள்.

அவர் சொன்னது சின்ன விஷயமில்லை. சாதா டிஸ்க் வருஷத்துக்கு 2,400 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் போல ஓடும் என்ற கணக்கில் செய்யப்படுவது. கேமரா ரெக்கார்டர் தூங்காது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம், எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கென்றே ஓயாமல் ஓடத் தயாரித்த டிஸ்க்குகள் தனியாக வருகின்றன, விலை கொஞ்சம் கூட. இரண்டு வருஷத்தில் நாலு டிஸ்க் தூக்கிக்கொண்டு மலை இறங்கி மதுரைக்கு வருகிற பஸ் செலவில் அந்த வித்தியாசம் அடிபட்டுப்போகும். "சொன்னா கேக்க மாட்டாங்க சார். வாரண்டி இருக்குல்லம்பாங்க. திருடு போன ராத்திரி வீடியோவுக்கு யாரு வாரண்டி குடுக்குறது?"

கவுன்டரில் இருந்த பெண் பெட்டியைப் பிரித்தார். மூலை நசுங்கியிருக்கிறதா, திருகாணி மேல் கீறல் உண்டா, லேபிள் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். சீரியல் நம்பரை ஸ்கேன் செய்தார். ஒயரை மாட்டி, நாலு டக் டக் கேட்டதும் கழற்றினார். மொத்தம் மூன்று நிமிஷம். ஒரு ரசீது. "பதினஞ்சு நாள்ல வரும் சார்." இந்த டிஸ்க் எங்கே போகும் என்று கேட்டேன். கம்பெனிக்கு என்றார். கம்பெனி எங்கே என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி போல, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அந்த வேலையில் அவரிடம் இருக்கும் பதில் அவ்வளவுதான், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பஸ் 240 ரூபாய் சொச்சம், சாப்பாடு, ஒரு நாள் வேலை. மலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஜீப் ஏறுகிற ஒருவருக்கு இப்படி ஒரு பயணம் ஒரு நாள் கூலி. மாற்று டிஸ்க்கை வாங்க மறுபடி ஒரு நாள் என்றால் இரண்டு கூலி. வாரண்டி எல்லோருக்கும் ஒரே 3 ஆண்டு என்று அட்டையில் போட்டிருக்கிறது. மதுரை அண்ணாநகர்க்காரரின் 3 ஆண்டும் தேவாரத்துக்காரரின் 3 ஆண்டும் ஒன்றில்லை.

சட்டம் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். 2019 சட்டத்தின் 34-வது பிரிவு, புகார் தருபவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம் என்கிறது. கம்பெனி சிங்கப்பூரில் இருந்தாலும் தேவாரத்துக்காரர் தேனியிலேயே மனுக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இப்போது இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே போடலாம், அதற்கும் முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பார்க்கலாம். எனக்குப் பிடித்த பகுதி வேறு. பழுது உண்டா இல்லையா என்று சண்டை வந்தால், ஆணையம் பொருளின் மாதிரியை எடுத்து முத்திரை வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஏலக்காய் சாம்பிள் பைதான், கோர்ட்டு ரூபத்தில். அப்படி ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதம், தேவையில்லாவிட்டால் 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுதியிருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு அதுவரை போக வேண்டிவரவில்லை. பத்தொன்பதாம் நாள் கூரியர்காரர் வீட்டுக்கே கொண்டுவந்தார். பிரித்தால் அதே மாடல், அதே அளவு. லேபிளில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு சொல்: ரீசர்ட்டிஃபைடு. யாரோ ஒருவருடைய கெட்டுப்போன டிஸ்க்கைத் திருத்தி, சோதித்து, எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். விதிமுறையைத் திருப்பிப் பார்த்தேன். 'புதியது அல்லது புதுப்பிக்கப்பட்டது' என்று இருக்கிறது. வாரண்டியும் புதிதாக 3 ஆண்டு கிடையாது. பழையதில் மிச்சம் இருந்த சுமார் ஓராண்டு மட்டும்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. புதுசுக்குக் காசு கொடுத்துப் பழசு வாங்கிய கதை. யோசித்தால், 22 மாதம் ஓட்டிய பொருளுக்குப் புதுசு கேட்பதும் கொஞ்சம் அதிகம்தான். வாங்கி ஒரே மாதத்தில் கெட்டவருக்கும் இதே திருத்திய டிஸ்க்கைத் தருகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் நிச்சயம் சண்டை போட வேண்டும்.

பழைய டிஸ்க்கோடு போனவற்றில், சாலை கேட்டவர்களின் பேட்டிகளில் கொஞ்சம், அவர்களே தங்கள் போனில் வைத்திருந்ததால் திரும்பி வந்தன. வாட்ஸ்அப்பில் ஏறி இறங்கிக் கசங்கிப்போன பதிவுகள். யானைப் படங்களில் பதினொன்று மிஞ்சின. ஜீப் ஓட்டுகிற ஒரு தம்பி ஸ்டேட்டஸில் வைத்தவை.

சர்வீஸ் தம்பியிடம் மாற்று டிஸ்க்கைக் கொண்டுபோனேன். மாட்டி, உள்விவரங்களைத் திறந்தான். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற இடத்தில் பூஜ்யம். "கணக்கை அழிச்சுட்டுத்தான் அனுப்புவாங்கண்ணே. இது எந்த ஊர்க் கல்யாண வீடியோ பார்த்ததோ." முழுத் தட்டையும் ஒருமுறை படிக்கவிட்டான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது, நான் டீக்கடைக்குப் போய்வந்தேன். பேட் செக்டார் ஒன்றும் இல்லை. டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டு, நான் மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பிய சாம்பல் உறையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தான்.

"இதைத் தூக்கிப் போட்டுறாதீங்கண்ணே. அட்டைப்பெட்டியையும்தான். இன்னும் ஒரு வருஷம் கெடக்குல்ல."